தரையில் விரித்து உருள ஒரு குவில்ட்: குழந்தைக்கு நீங்களே தைத்துக் கொடுக்க

குழந்தை பிறந்த வீட்டுக்கு நீங்களே தைத்த குவில்ட் ஒன்றை, அதாவது நடுவில் பஞ்சு வைத்துத் தைத்த துணி விரிப்பை, கொடுப்பது என்று முடிவு செய்தாயிற்றா? அப்படியென்றால் துணி வாங்கப் போவதற்கு முன்பே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொள்ளுங்கள். அது அலமாரியில் இருக்கப் போகிறதா, தரையில் கிடக்கப் போகிறதா? அலமாரிக்கு என்றால் பட்டு, லேஸ், முத்து என எதை வேண்டுமானாலும் வைத்துத் தைக்கலாம், யாரும் தொடப் போவதில்லை. தரைக்கு என்றால் கதையே வேறு. அதன் மேல் பால் கக்கும், எச்சில் ஒழுகும், டயப்பர் கசியும், வாரத்துக்கு இரண்டு தடவை வாஷிங் மெஷினுக்குள் போய் வரும், நடக்க ஆரம்பித்ததும் குழந்தை ஒரு மூலையைப் பிடித்து வீடு முழுக்க இழுத்துக்கொண்டு திரியும். நான் சொல்லப் போவது இந்த இரண்டாவது வகை. துணி, பஞ்சு, நூல், டிசைன் என்று ஒவ்வொன்றிலும் "இது நூறு சலவைக்குத் தாங்குமா" என்று கேட்டுக்கொண்டே போனால் பாதி முடிவுகள் தானாகவே வந்துவிடும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பரிசு கொடுக்கும் உற்சாகத்தில் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். ஒரு வயது முடியும் வரை குழந்தை தூங்கும் இடத்தில் குவில்ட், போர்வை, தலையணை, பொம்மை எதுவும் தளர்வாகக் கிடக்கக் கூடாது. முகத்தில் விழுந்து மூச்சை அடைத்துவிடும் ஆபத்து இருக்கிறது. அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ் என்ற குழந்தை மருத்துவர்கள் அமைப்பு இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறது. ஆகவே நாம் தைப்பது போர்வை இல்லை. குழந்தை முழித்திருக்கும்போது, பெரியவர் யாராவது பக்கத்தில் இருக்கும்போது, குப்புறப் போட்டு விளையாட விடும் விரிப்பு. ஒரு வயதுக்கு மேல் அதுவே போர்வையாகட்டும், யார் வேண்டாம் என்றது.

இப்படி வைத்துக்கொண்டால் அளவும் தெளிவாகிவிடும். 36 இன்ச் அகலம், 40 இன்ச் உயரம் போதும். உருண்டு புரள இடம் இருக்கும், பையில் மடித்துப் போட்டு எடுத்துப் போகலாம், வீட்டுத் தையல் மெஷினுக்குள் சிரமமில்லாமல் நுழையும். இந்த அகலத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு, அதை அடித்துணி வாங்கும்போது சொல்கிறேன்.

தைத்தே பழக்கமில்லாதவர்களுக்காக ஒரு வரி: குவில்ட் என்றால் மூன்று அடுக்கு. மேலே துண்டுகளை இணைத்த மேல்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, கீழே அடித்துணி. மூன்றையும் ஊடுருவிப் போகும் தையல்தான் குவில்டிங். சுற்றி ஓரப்பட்டி. அவ்வளவுதான்.

மாடர்ன் என்றால் என்ன

பழைய பாணிக் குவில்ட்டில் ஒரே மாதிரிக் கட்டங்கள் வரிசை வரிசையாக வரும், துண்டுகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். மாடர்ன் குவில்ட்டில் வெற்றிடம்தான் பெரிய ஆள். ஒரே நிறத்தில் பரந்த துணி, அதில் நடுவை விட்டு விலகி நிற்கும் சில வண்ணத் துண்டுகள், பளிச்சென்ற நிற வேறுபாடு. 2009இல் லாஸ் ஏஞ்சலஸில் மாடர்ன் குவில்ட் கில்ட் என்ற சங்கம் தொடங்கிய பிறகு இந்தப் பாணிக்குப் பெயரும் அடையாளமும் கிடைத்தன, ஆனால் இதன் வேர் அதற்கும் பல தலைமுறைக்கு முந்தியது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்ற சின்ன ஊர். அங்கே கறுப்பினப் பெண்கள், வயலில் உழைத்து வெளுத்துப் போன கால்சட்டைகளையும் சட்டைகளையும் கிழித்து, ஸ்கேல் பிடிக்காத கோடுகளும் பெரிய நிறப் பரப்புகளுமாக, குளிருக்குப் போர்த்திக்கொள்ளத் தைத்தார்கள். 2002இல் ஹியூஸ்டன் அருங்காட்சியகத்திலும் பிறகு நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் சுவரில் மாட்டியபோது பார்த்தவர்கள் அசந்து போனார்கள். உபயோகத்துக்கென்று தைத்ததுதான் அந்த அழகுக்கே காரணம் என்பது என் எண்ணம், அதனால்தான் குழந்தைக் குவில்ட்டுக்கு இந்தப் பாணி இவ்வளவு பொருந்துகிறது. துண்டு குறைந்தால் தையல் குறையும், தையல் குறைந்தால் பிரிந்துபோக இடமும் குறையும்.

நம் டிசைன் இதுதான். சாம்பல் போல ஒரே நிறத்தில் பின்னணி. அதில் இடது ஓரத்திலிருந்து 6 இன்ச் தள்ளி, மேலிருந்து கீழ்வரை 10 இன்ச் அகலத்தில் ஒரு வண்ணத் தூண், ஒன்றன் மேல் ஒன்றாக 9 துண்டுகள். வலது பக்கம் 20 இன்ச் வெறுமை. முழு மேல்துணிக்கும் பத்தே தையல். முதல் முறை தைப்பவரும் ஒரு மாலையில் மேல்துணியை முடித்துவிடலாம்.

நிறம்

பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 செ.மீ. தூரம்தான் ஓரளவு தெளிவாகத் தெரியும், அதிலும் வெளிர் நிறங்களை விட இருட்டும் வெளிச்சமும் அருகருகே இருந்தால்தான் கண் நிற்கும். குப்புறப் படுத்துத் தலையைத் தூக்கும் குழந்தையின் கண்ணுக்கு நேரே இருப்பது உங்கள் துணிதான். ஆகவே இளஞ்சிவப்பு, இளநீலம், இளமஞ்சள் என்று எல்லாவற்றையும் வெளிறடிக்காமல், தூணில் இரண்டு மூன்று துண்டாவது அடர் நிறமாக இருக்கட்டும். கருநீலத்துக்குப் பக்கத்தில் வெள்ளை, கடுகு மஞ்சளுக்குப் பக்கத்தில் கறுப்புக் கோடு போட்ட துணி, இப்படி. மொத்தம் நாலைந்து நிறத்துக்கு மேல் போகாதீர்கள். போனால் தூண் தெரியாது, கலவரம்தான் தெரியும்.

பின்னணிக்கு எல்லோரும் எடுப்பது வெள்ளை. படத்தில் அழகாகத்தான் இருக்கும். ஆனால் வீட்டில் அந்த வெள்ளையைப் பார்த்துப் பயந்தே பெற்றோர் அதை அலமாரியில் வைத்துவிடுவார்கள். நடுத்தரச் சாம்பல், டெனிம் நீலம், பாசி நிறம், அல்லது மண் நிறத்தில் ஏதாவது எடுங்கள். கரடிக்குட்டி, முயல்குட்டி பிரிண்ட்டுகளையும் நான் தவிர்ப்பேன், குழந்தை நான்கு வயதிலேயே அதைத் தாண்டிப் போய்விடும், கோடும் புள்ளியும் வளர்ந்த பிறகும் கூட வரும்.

என்னென்ன வேண்டும்

துணி எல்லாமே நூறு சதவீதப் பருத்தி. நெருக்கமான நெசவு, சட்டைத் துணியை விடக் கொஞ்சம் கனம். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் விரல்கள் தெளிவாகத் தெரிகிற மெல்லிய துணி வேண்டாம். பழைய சட்டைகளிலிருந்து தூணுக்குத் துண்டு வெட்டலாம், ஆனால் முழங்கை, காலர் பக்கம் நைந்து போயிருக்கும், முதுகுப் பகுதியிலிருந்து எடுங்கள்.

44 இன்ச் அகலத் துணி என்று வைத்துக்கொண்டால் பின்னணிக்கு 1.25 மீட்டர். ஓரப்பட்டியும் இதிலிருந்தே வந்துவிடும். அடித்துணிக்கு இன்னொரு 1.25 மீட்டர். மேல்துணியை விட அடித்துணி எல்லாப் பக்கமும் 2 இன்ச் பெரிதாக இருக்க வேண்டும், அதாவது 40½க்கு 45 இன்ச். 44 இன்ச் துணியில் கரையை வெட்டிவிட்டு, அலசும்போது கொஞ்சம் சுருங்கினாலும் 40½ தேறிவிடும், நடுவில் ஒட்டுப் போட வேண்டியதில்லை. 36 இன்ச் அகலம் வைத்ததன் ரகசியம் இதுதான். இரண்டு இன்ச் ஆசைப்பட்டுக் கூட்டினால் அடித்துணிக்கு இரண்டு மடங்கு வாங்க வேண்டி வரும். அடித்துணி மட்டும் பூவோ இலையோ நெருக்கமான பிரிண்ட்டாக இருந்தால் கறையும் தெரியாது, கோணலான தையலும் தெரியாது. தூணுக்கு நாலைந்து நிறத்தில் கால் கால் மீட்டர் எடுத்தால் தாராளம்.

பஞ்சு விரிப்பைக் கடையில் பேட்டிங் என்றோ வாடிங் என்றோ சொல்வார்கள். பருத்தி அல்லது 80 சதவீதம் பருத்தியும் 20 சதவீதம் பாலியஸ்டரும் கலந்தது, தடிமன் குறைந்ததாகப் பார்த்து வாங்குங்கள். புஸ்ஸென்று உப்பியிருக்கும் பாலியஸ்டர் பஞ்சு வேண்டாம், குப்புறக் கிடக்கும் குழந்தையின் முகம் புதையாத அளவுக்குத் தட்டையாக இருப்பதுதான் நல்லது. பாக்கெட்டின் மேல் இரண்டு தையல் கோடுகளுக்கு இடையே அதிகபட்சம் எத்தனை இன்ச் விடலாம் என்று போட்டிருக்கும், அதைத் தூக்கிப் போடாமல் வைத்துக்கொள்ளுங்கள். சில பஞ்சுக்கு 8, 10 இன்ச் வரை விடலாம், சிலதுக்கு 3, 4 இன்ச்தான். அதை மீறினால் நாலு சலவையில் பஞ்சு உள்ளுக்குள்ளேயே நகர்ந்து உருண்டையாகிவிடும்.

ரோட்டரி கட்டர் என்ற சக்கரக் கத்தி, அதற்கு அடியில் வைக்கும் மேட், நீளமான அக்ரிலிக் ஸ்கேல் இருந்தால் வெட்டுவது சீக்கிரம் முடியும். இல்லையென்றால் கூரான கத்தரிக்கோலும் பென்சில் கோடும் போதும், இந்த டிசைனுக்கு வெறும் 11 துண்டுதானே. 50 நம்பர் பருத்தி நூல், இணைப்புத் தையலுக்கு 80/12 ஊசி, மூன்று அடுக்கையும் தைக்க 90/14 ஊசி. ஃபுட் என்பது மெஷினில் துணியை அழுத்திப் பிடிக்கும் பாதம், அதில் மூன்று அடுக்கையும் ஒரே வேகத்தில் இழுக்கும் வாக்கிங் ஃபுட் என்று ஒன்று இருக்கிறது, இரவலாகவாவது கிடைக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் இஸ்திரிப் பெட்டி. அதைத் தையல் மெஷினுக்குச் சமமான கருவியாக நினைத்துக்கொள்ளுங்கள்.

பொத்தான், மணி, ரிப்பன், பாம்பாம் எதுவும் வேண்டாம். எல்லாமே வாய்க்குள் போகும்.

அலசி, வெட்டி, இணைத்து

துணியை வெட்டுவதற்கு முன் அலசிவிடுங்கள், பஞ்சை மட்டும் அலச வேண்டாம். பருத்தி முதல் சலவையில் சுருங்கும், அடர் நிறங்கள் சாயம் விடும். சிவப்பு, கருநீலம், கறுப்பு மூன்றையும் நம்பவே கூடாது. ஈரமான ஒரு வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். வெள்ளையில் நிறம் ஒட்டினால் மறுபடி அலசுங்கள், மூன்றாவது தடவையும் ஒட்டினால் அந்தத் துணியை ஒதுக்கிவிட்டு வேறு எடுங்கள். வாசனையில்லாத சோப்புத்தூள் போதும், பிஞ்சுத் தோலுக்கு அதுதான் நல்லது. காய்ந்ததும் நன்றாக இஸ்திரி போடுங்கள், சுருக்கத்தோடு வெட்டினால் அளவு வராது.

தூணுக்கு 9 துண்டு, ஒவ்வொன்றும் 10½ இன்ச் அகலம், 5 இன்ச் உயரம். இப்போதைக்கு இதை மட்டும் வெட்டுங்கள், பின்னணியைத் தொடாதீர்கள். தரையில் வரிசையாகப் பரப்பி, இடம் மாற்றி மாற்றிப் பாருங்கள். அடர் நிறங்கள் எல்லாம் ஒரே இடத்தில் குவிந்தால் தூண் கனத்துப் போகும், அதே நேரம் ஒன்று விட்டு ஒன்று என்று ஒழுங்காக வைத்தால் சலிப்புத் தட்டும். போனில் ஒரு படம் எடுத்துச் சின்னதாக்கிப் பார்த்தால் எங்கே இடிக்கிறது என்று உடனே தெரிந்துவிடும். வரிசை பிடித்துவிட்டால் அந்தப் படத்தை அழிக்காதீர்கள், மெஷினுக்கு எடுத்துப் போகும்போது துண்டுகள் கலைந்துபோகும்.

தையலுக்கு விடுவது எல்லா இடத்திலும் கால் இன்ச். சட்டை, பிளவுஸ் தைத்துப் பழகியவர்களுக்கு இது ரொம்பக் குறைவாகத் தோன்றும். கால் இன்ச் என்றால் கச்சிதமாகக் கால் இன்ச்சாக இருக்க வேண்டும். ஒவ்வொரு தையலிலும் 1/16 இன்ச் கூடுதலாகப் போனால் இரண்டு துண்டிலும் சேர்த்து 1/8 இன்ச் போகும், தூணில் 8 தையல் இருக்கிறது, ஆக முழுதாக ஒரு இன்ச் காணாமல் போய்விடும். ஊசியிலிருந்து கால் இன்ச் அளந்து மெஷின் தட்டில் ஒரு டேப் துண்டை ஒட்டிக்கொள்ளுங்கள், துணியின் விளிம்பு அதை உரசிக்கொண்டே போகட்டும். முதல் இரண்டு துண்டை நல்ல பக்கமும் நல்ல பக்கமும் சேர்த்து வைத்து, 10½ இன்ச் நீளப் பக்கத்தில் தைத்து, இஸ்திரி போட்டு அளந்து பாருங்கள். உயரம் 9½ இன்ச் வந்தால் சரி. குறைந்தால் டேப்பைக் கொஞ்சம் ஊசிப் பக்கம் நகர்த்துங்கள். தையல் நீளம் 2 முதல் 2.5 மி.மீ., தொடக்கத்திலும் முடிவிலும் ரெண்டு ரெண்டு ரிவர்ஸ் தையல்.

ஒவ்வொரு தையலையும் முதலில் தைத்தபடியே மேலே இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்துங்கள், அப்புறம் விரித்து, உள்ளே இருக்கும் விளிம்பு இரண்டும் அடர் நிறத் துண்டின் பக்கம் சாயும்படி அழுத்துங்கள். இழுத்துத் தேய்க்கக் கூடாது, வைத்து எடுக்க வேண்டும். தேய்த்தால் துணி வளைந்து நீண்டுவிடும். வெளிர் துண்டுக்கு அடியில் அடர் நிற விளிம்பு சாய்ந்தால் வெளியே நிழலாகத் தெரியும், குவில்ட் முடிந்த பிறகு அதைச் சரி செய்ய வழியே இல்லை.

9 துண்டும் சேர்ந்ததும் தூண் 41 இன்ச் உயரம் இருக்க வேண்டும். மேலிருந்து கீழாக, நடுவிலும் இரண்டு ஓரத்திலுமாக மூன்று இடத்தில் அளந்து பாருங்கள். 40¾ வந்தாலும் ஒன்றும் குடி முழுகிவிடாது, பின்னணியையும் அதே 40¾க்கு வெட்டுங்கள். பின்னணியை இதுவரை வெட்ட வேண்டாம் என்று சொன்னது இதற்காகத்தான்.

பின்னணித் துணியில் கரையை வெட்டி எடுத்துவிட்டு, துணியின் நீளவாக்கில் 6½ இன்ச் அகலத்தில் ஒன்று, 20½ இன்ச் அகலத்தில் ஒன்று, இரண்டும் தூணின் உயரத்துக்கு. மிச்சம் இருக்கும் அகலத்தில் 2½ இன்ச் பட்டை நான்கு, இவற்றை மட்டும் முழு நீளத்துக்கு வெட்டுங்கள், ஓரப்பட்டிக்கு. அதற்கும் மேல் விழும் துண்டைத் தூக்கிப் போடாதீர்கள், லேபிளுக்கு வேண்டும்.

நீளத் தையல் இரண்டையும் போடும்போது முதலில் இரண்டு முனையிலும் நடுவிலும் குண்டூசி குத்துங்கள், அப்புறம் இடையில். முனையிலிருந்து தைத்துக்கொண்டே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆரம்பித்தால் கடைசியில் ஒரு துணி அரை இன்ச் நீண்டு நிற்கும், மேல்துணி தரையில் படியாமல் அலையலையாக நிற்கும். குண்டூசி மேல் தைக்காதீர்கள், ஊசி கிட்டே வரும்போது உருவிவிடுங்கள்.

மூன்று அடுக்கு

அடித்துணியைத் தரையில் நல்ல பக்கம் கீழே இருக்கும்படி விரித்து, நான்கு பக்கமும் டேப் ஒட்டி விறைப்பாக்குங்கள். விறைப்பு என்றால் சுருக்கமில்லாமல், அவ்வளவுதான். இழுத்துக் கட்டினால் டேப்பை எடுத்ததும் துணி சுருண்டு அடியில் மடிப்பு விழும். அதன் மேல் பஞ்சு, கையால் நடுவிலிருந்து வெளியே தடவி விடுங்கள். அதன் மேல் மேல்துணி, நல்ல பக்கம் மேலே.

இப்போது ஊக்கு. நடுவில் தொடங்கி வெளிப்பக்கம் போக, உள்ளங்கை அகலத்துக்கு ஒன்று. இந்த அளவுக்கு 80, 90 ஊக்கு ஆகும். தைக்கப் போகும் கோடுகளின் மேல் படாமல் குத்துங்கள். எத்தனை ஊக்கு குத்தினீர்கள் என்று எண்ணி ஒரு சீட்டில் எழுதி மெஷினில் ஒட்டிவிடுங்கள். வேலை முடிந்ததும் டப்பாவில் எண்ணும்போது அதே எண்ணிக்கை வர வேண்டும், ஒன்று குறைந்தால் அது குவில்ட்டுக்குள்தான் இருக்கிறது. கிடைக்கும் வரை தேட வேண்டும், வேறு பேச்சே கிடையாது. தைக்கும்போது ஊசி உடைந்தாலும் அப்படியே, உடைந்த முனையையும் மீதியையும் சேர்த்து வைத்து ஊசி முழுசாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அடுத்த தையல். ஒரு காந்தத்தை மேலும் கீழும் தடவினால் மனசுக்கு நிம்மதி.

அடுக்குகளை ஒட்டும் ஸ்ப்ரேயும் உண்டு. குழந்தை வாயில் வைக்கப் போகும் துணிக்கு நான் ஊக்குக் கட்சி.

குவில்டிங்

தையல் கோடுகளைக் கிடைமட்டமாகப் போடுவோம். தூணில் ஒவ்வொரு இணைப்புக்கும் மேலே கால் இன்ச், கீழே கால் இன்ச் என்று இரண்டு கோடு, ஒவ்வொரு துண்டின் நடுவிலும் ஒரு கோடு. ஒவ்வொரு கோடும் இடது விளிம்பிலிருந்து வலது விளிம்பு வரை போகட்டும். அப்போது தூணின் தாளம் அந்த 20 இன்ச் வெறுமைக்குள்ளும் மெலிதாகத் தொடரும், வெற்றிடம் வெறிச்சென்று இருக்காது. மொத்தம் 25 கோடு, எங்கேயும் இரண்டு இன்ச்சுக்கு மேல் இடைவெளி வராது, பஞ்சு நகராது, அதே சமயம் துணி அட்டை மாதிரி விறைக்கவும் செய்யாது. அரை இன்ச்சுக்கு ஒரு கோடு என்று நெருக்கித் தைப்பதும் இப்போது பரவலாக இருக்கிறது, பார்க்க அபாரமாக இருக்கும், உட்கார்ந்தால் ஓலைப்பாய். குழந்தைக்கு வேண்டாம்.

தூணுக்குள் இணைப்பே வழிகாட்டி. பின்னணியில் கோடு வேண்டும், அதற்கு மாஸ்கிங் டேப்பை நேராக ஒட்டி அதன் ஓரமாகத் தைத்தாலே போதும், ஒரே டேப்பை நாலைந்து கோட்டுக்கு மாற்றி மாற்றி ஒட்டலாம். இஸ்திரிச் சூட்டில் மறையும் பேனாவை நம்பாதீர்கள், கடும் குளிர் பட்டால் சில பேனா மை திரும்பத் தலைகாட்டும்.

தையல் நீளத்தை 3 மி.மீ.க்குக் கூட்டிக்கொள்ளுங்கள். பாபின் இரண்டு மூன்றை முன்கூட்டியே நிரப்பி வைத்தால் கோட்டின் பாதியில் நூல் தீர்ந்து முழிக்க வேண்டியிருக்காது. முதலில் நடுக்கோடு, பிறகு மேலே ஒன்று கீழே ஒன்று என ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு கோடு மட்டும், எல்லாமே இடமிருந்து வலமாக. இப்படி முழுவதையும் பிடித்து நிறுத்திவிட்டு மற்ற கோடுகளை நிரப்புங்கள். ஒரு கோடு இப்படி, அடுத்தது அப்படி என்று திசை மாற்றித் தைத்தால் இரண்டு கோடுகளுக்கு நடுவில் துணி சாய்வாக இழுத்துக்கொண்டு சுருங்கும், பார்த்த உடனே கண்ணில் படும். கோட்டைப் பஞ்சு வெளியே தெரியும் இடத்திலேயே தொடங்கி, எதிர்ப்பக்கம் பஞ்சு வரை போய் முடியுங்கள். முடிச்சு எல்லாம் ஓரப்பட்டிக்கு அடியில் மறைந்துவிடும், குவில்ட்டின் நடுவில் ஒரு நூல் முனைகூட நீட்டிக்கொண்டிருக்காது. இது அழகுக்காக மட்டும் சொல்வதல்ல. நீண்ட நூல் குழந்தையின் விரலில் சுற்றி இறுக்கினால் ரத்த ஓட்டமே நின்றுவிடும்.

குவில்ட் மேசையிலிருந்து தொங்கினால் அதன் கனமே ஊசியை இழுக்கும், கோடு வளையும். மெஷினுக்கு இடது பக்கம் இன்னொரு மேசையோ நாற்காலியோ போட்டு அதைத் தாங்க வையுங்கள். மெதுவாகத் தைத்தால் கோடு நேராக வரும், கொஞ்சம் நெளிந்தாலும் சலவைக்குப் பிறகு யாருக்கும் தெரியாது.

வாக்கிங் ஃபுட் கிடைக்கவில்லையா? ஃபுட்டின் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டு, ஊக்கை இன்னும் நெருக்கமாகக் குத்தி, இரண்டு கையாலும் துணியைத் தட்டையாகப் பிடித்துத் தைக்கலாம். அல்லது கையாலேயே தைக்கலாம், 8ஆம் நம்பர் பெர்ல் காட்டன் நூலில் ஓட்டுத் தையல். அது இன்னும் மிருதுவாக இருக்கும், நிற நூலில் தைத்தால் அதுவே அலங்காரம். தையல் ஒவ்வொன்றும் கால் இன்ச்சுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பெரிய தையலில் பிஞ்சுக் கால்விரல் மாட்டிக்கொள்ளும். முடிச்சை லேசாகச் சுண்டி இழுத்தால் துணிக்குள் போய்ப் பஞ்சில் உட்கார்ந்துவிடும்.

ஓரப்பட்டி

மூன்று அடுக்கின் ஓரங்களையும் ஸ்கேல் வைத்து நேராக வெட்டிச் சமப்படுத்துங்கள். நான்கு மூலையும் சதுரமாக இருக்க வேண்டும்.

நான்கு பட்டைகளையும் முனையோடு முனை குறுக்குச் சாய்வாகத் தைத்து ஒரே நீளப் பட்டையாக்குங்கள். நேராக இணைத்தால் அந்த இடம் முட்டாகத் தடித்து நிற்கும். சுற்றளவு 155 இன்ச், கூட 12 இன்ச்சாவது வேண்டும், இந்த நான்கு பட்டையில் அதற்கு மேலேயே கிடைக்கும். நீளவாக்கில் இரண்டாக மடித்து இஸ்திரி.

பட்டி தைப்பதற்கு முன் லேபிள். மிச்சத் துணியில் 4 இன்ச் சதுரம் வெட்டி, அழியாத துணிப் பேனாவால் எழுதி, சூடு காட்டி, குறுக்காக முக்கோணமாக மடித்து, எழுத்து வெளியே தெரியும்படி அடித்துணியின் ஒரு மூலையில் வைத்துவிடுங்கள். இரண்டு பக்கம் ஓரப்பட்டிக்குள் மாட்டிக்கொள்ளும், மடிப்புப் பக்கத்தைக் கையால் தைத்தால் போதும். வருடமும் உங்கள் பெயரும் எழுதலாம், குழந்தையின் பெயரை, பெற்றோர் சொன்ன எழுத்துக்கூட்டலோடு, உறுதியானதும் எழுதுங்கள்.

பட்டியைப் பொதுவாக முன்பக்கம் மெஷினில் தைத்து, பின்பக்கம் திருப்பிக் கையால் தைப்பார்கள். நாசூக்காக இருக்கும். ஆனால் குழந்தை கடித்துச் சப்பப் போவது இந்த ஓரத்தைத்தான், ஆகவே இரண்டு பக்கமும் மெஷின் தையல். முதலில் பின்பக்கம் வைத்துத் தைத்து, முன்பக்கம் திருப்பி, மடிப்பின் ஓரமாகத் தையல் போட்டு முடிக்க வேண்டும்.

ஒரு பக்கத்தின் நடுவில் தொடங்குங்கள், 8 இன்ச் வாலை விட்டுவிட்டு. பட்டியின் வெட்டிய விளிம்பும் குவில்ட்டின் விளிம்பும் ஒன்றாக இருக்கட்டும். கால் இன்ச் உள்ளே தைத்துக்கொண்டு போய், மூலைக்குக் கால் இன்ச் முன்னாலேயே நிறுத்தி, ரிவர்ஸ் போட்டு, துணியை வெளியே எடுங்கள். பட்டியை நேர் மேலே தூக்கி மடியுங்கள், மூலையில் ஒரு சாய்வு மடிப்பு விழும். அந்த மடிப்பை விரலால் பிடித்தபடியே பட்டியைக் கீழே, அடுத்த பக்கத்தோடு ஒட்டி இறக்குங்கள். இப்போது உண்டாகும் புது மடிப்பு மேல் விளிம்போடு சமமாக நிற்க வேண்டும். விளிம்பிலிருந்தே அடுத்த தையலைத் தொடங்குங்கள். முன்பக்கம் திருப்பும்போது மூலை தானாகவே படச் சட்டத்தின் மூலை போல 45 டிகிரியில் உட்காரும். கிளம்பிய இடத்துக்குப் பத்து இன்ச் முன்னால் நிறுத்தி, இரண்டு வாலும் ஒன்றன் மேல் ஒன்று 2½ இன்ச் படியும்படி வெட்டி, மடிப்பை விரித்து, பட்டைகளை இணைத்த அதே குறுக்குத் தையலில் சேர்த்து, மீதியைத் தைத்து மூடுங்கள்.

முன்பக்கம் திருப்பியதும் கிளிப்போ குண்டூசியோ நெருக்கமாக வைத்து, முதல் தையல் முழுக்க மூடியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே தையுங்கள். மூலைகளில் வேகம் வேண்டாம், சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள்.

அலசிக் கொடுங்கள்

அலசாமல் கொடுக்காதீர்கள். தரையின் தூசி, பேனாக் கோடு, உங்கள் கைப் பிசுக்கு எல்லாம் அதில் இருக்கிறது, இதைவிட முக்கியமாக உங்கள் தையல் தாங்குமா என்பதற்கு முதல் சோதனை உங்கள் வீட்டிலேயே நடக்கட்டும். குளிர்ந்த நீர், மென்மையான சுற்று, சாயம் உறிஞ்சும் தாள் கிடைத்தால் ஒன்றைப் போடுங்கள். வெளியே எடுத்ததும் எங்கேயாவது சாயம் இறங்கியிருந்தால் காய விடாதீர்கள், ஈரத்தோடேயே மறுபடி அலசுங்கள், காய்ந்துவிட்டால் பிடித்துக்கொள்ளும். பஞ்சு சுருங்குவதால் குவில்ட் ஒன்று, ஒன்றரை இன்ச் குறையும், தையல் கோடுகளுக்கு இடையே குட்டிக் குட்டிச் சுருக்கம் விழும். அது குறை இல்லை, அந்தச் சுருக்கத்தில்தான் நெளிந்த தையல்கள் எல்லாம் ஒளிந்துகொள்ளும். இஸ்திரி போட்டு அதை நேராக்காதீர்கள். தட்டையாக விரித்துக் காய வைத்து, வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் ஒரு தடவை பாருங்கள், பட்டி விட்டிருந்தால் அங்கேயே தைத்து, நூல் முனைகளை நறுக்கி, ஊக்கு எண்ணிக்கையையும் கடைசியாக ஒரு முறை சரிபார்த்துவிடுங்கள்.

கொடுக்கும்போது ஒரு சின்னச் சீட்டு வையுங்கள், நான்கு வரி போதும்: மெஷினில் குளிர்ந்த நீரில் போடலாம், ப்ளீச் வேண்டாம், ஒரு வயது வரை தூங்கும் இடத்தில் வைக்க வேண்டாம், தையல் எங்கேயாவது விட்டால் கொண்டு வாருங்கள், தைத்துத் தருகிறேன். "ஐயோ, இதை எப்படி அழுக்காக்குவது" என்று அவர்கள் சொன்னால், அந்த இடத்திலேயே பிரித்துத் தரையில் விரித்துவிட்டு வாருங்கள்.